வாகைக்குளத்தில் ரத்தான விமானம்: டிசம்பரில் நெல்லைக்கு வருவோருக்கு

ஜெர்மனியிலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிற பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிராங்க்பர்ட்–சென்னை பயணச்சீட்டை ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டு, சென்னை–தூத்துக்குடி விமானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பொறுப்பை அத்தான் எடுத்துக்கொண்டார். "நீ எதுக்கு அங்கன இருந்து போடுத? பாளையங்கோட்டைல நமக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான், அவன் போட்டுத் தருவான்" என்றார். நான் இல்லாத மாதங்களில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் அவர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பும் நாளில், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்திலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு விமானம். நள்ளிரவு தாண்டிச் சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் விமானம். இடையில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்று மிதப்பாக இருந்தேன். வாகைக்குளம் கவுண்ட்டரில் நின்றபோதுதான் விமானம் ரத்து என்று தெரிந்தது. அதற்கான குறுஞ்செய்தி அன்று காலை ஏழேகாலுக்கே, பாளையங்கோட்டைப் பையனின் எண்ணுக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் கார் பிடித்திருந்தால் சுமார் 620 கிலோமீட்டரைக் கடந்து இருட்டும் நேரத்தில் சென்னை சேர்ந்திருப்பேன். நானோ சாஸ்தா கோயிலில் வெளிப்பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கிளம்பிய கார், மழையில் விழுப்புரம் தாண்டும்போதே சென்னையில் கவுண்ட்டர் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. பிராங்க்பர்ட் விமானம் தவறிப்போனது.

ஆகவே முதல் எச்சரிக்கை: யார் முன்பதிவு செய்தாலும் உங்கள் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அதில் இருக்க வேண்டும். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, முறையான முன்னறிவிப்பு இன்றி விமானத்தை ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடு. ஆனால் பயணி சரியான தொடர்பு விவரம் தராவிட்டால் அதுவும் இல்லை. வானிலை போல நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றாலும் இல்லை.

அந்தக் 'காரணம்' என்ற சொல்லோடு நான் பட்ட பாடு தனிக்கதை. கவுண்ட்டரில் இருந்த இளைஞர் வாயால் சொன்னது மழை. குறுஞ்செய்தியில் இருந்தது 'செயல்பாட்டுக் காரணங்கள்'. என் பயணக் காப்பீட்டு நிறுவனமோ, வானிலையால் ரத்து என்று விமான நிறுவனம் எழுத்தில் கொடுத்தால்தான் புதிய பயணச்சீட்டுக்கான செலவைத் தரும் என்றது. அன்றே எழுதித் தரும்படி கேட்டதற்கு, "மெயில் வரும் சார்" என்று அந்த இளைஞர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். மெயில் வந்தது, அதுவும் பாளையங்கோட்டைக்கு, அதுவும் காரணம் ஏதும் இல்லாமல். பிறகு நான் ஜெர்மனியில் இருந்துகொண்டு அறுபத்தைந்து வயது அத்தானை மூன்று முறை விமான நிலையத்துக்கு அனுப்பினேன். பயணச்சீட்டு இல்லாதவரை வாசலிலேயே காவலர் நிறுத்திவிடுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் நாள் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். இரண்டாம் நாள் யாரோ வெளியே வந்து, தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத்தாளில் முத்திரையோடு ஒற்றை வரி கிடைத்தது: இன்ன தேதியில் இன்ன விமானம் இயக்கப்படவில்லை. "ஏல, காரணம் எழுத மாட்டேன்னுட்டான்" என்று தொலைபேசியில் சொன்னவரின் குரலில், தவறு தன்னுடையது என்ற கூச்சம் இருந்தது. காப்பீட்டுப் பணம் வரவில்லை. அதைவிட அந்தக் குரல்தான் இன்னும் காதில் நிற்கிறது.

விமானம் ரத்தானால், கவுண்ட்டரை விட்டு நகரும் முன் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அறிவிப்புப் பலகையைப் படமெடுத்து, அங்கிருந்தபடியே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்திருந்தால், முதலாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனிச் சீட்டு என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவே. ஐரோப்பிய நிறுவனத்தில் பறந்தால் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு என்று பலர் தெம்பாக இருப்பார்கள். அது அந்த நிறுவனத்தின் விமானம் தாமதமானால், ரத்தானால்தான், நாம் தாமதமானால் அல்ல.

நெல்லைச் சீமைக்கு ஒரே சீட்டில் வர எளிய வழி திருவனந்தபுரம். துபாய், தோஹா, அபுதாபி வழியாக அங்கே இறங்கினால் நாகர்கோவில், வள்ளியூர் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர்தான். சபரிமலை சீசனில் கட்டணம் ஏறும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போவதால் அந்த மாலைகளில் சில மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை. அந்தத் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை வழியும் மோசமில்லை, ஆனால் வெளிநாட்டு விமானங்கள் குறைவு.

ரயிலை மாற்றுவழியாக வைப்பவர்கள், முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பொங்கல் நெருக்கத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் நிமிடங்களில் நிரம்பிவிடும். ரயிலும் மழைக்கு விலக்கல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். நமக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை வரும் டிசம்பர்தான் வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டம். எனவே விமானத்துக்கு முந்தைய நாளே ஊரிலிருந்து கிளம்பி, விமானம் ஏறும் நகரில் ஓர் இரவு தங்குவதைத் தவிர வேறு பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆண்டு அப்படித்தான் சீட்டு எடுத்திருக்கிறேன், என் எண்ணைக் கொடுத்து, திருவனந்தபுரத்துக்கு. அத்தானிடம் சொன்னபோது "நல்லது" என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம், ஊரில் பதினாறு நாள் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பதினேழாம் நாள் விடுதி அறையில் கழியும் என்பதை இன்னும் சொல்லவில்லை.