தொகுதி தொகுதியாக வெளியிடும் மென்பொருளுக்குப் பதிப்பு எண் இடுவது எப்படி

தேயிலைத் தோட்டத்துக்கான மென்பொருளில் கொழுந்து நிறுவை ஒரு தொகுதி, செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) ஒரு தொகுதி, சேமலாப நிதி அறிக்கை இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அலுவலகக் கணினி அன்றே புதுப்பிக்கப்படும். சிக்னல் எட்டாத மேல் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கோ பென் டிரைவில்தான் போகும், வாரக்கணக்கில் பிந்தும். ஆகவே பழையதும் புதியதும் கலந்துதான் ஓடும். எந்த நிறுவை எந்த செக்ரோலோடு சேரும் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிய வேண்டும்.

2.4.1 போல மூன்று பகுதி போதும். பழைய தொகுதிகளோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் முதல் எண் கூடும், பின்னிரண்டும் பூச்சியமாகும். பழையதைக் கெடுக்காமல் புது வசதி சேர்ந்தால் நடு எண் கூடும், கடைசி பூச்சியமாகும். பிழை திருத்தம் மட்டுமென்றால் கடைசி எண்.

சண்டை வருவது 'ஒத்துப்போகாதது எது' என்பதில்தான். அதை முதலில் எழுதி வையுங்கள். தரவில் ஒரு புலத்தை (field) நீக்கினால் எல்லோருக்கும் தெரியும், செக்ரோல் உடனே கத்தும். ஆபத்தானது பொருள் மாறுவது. 'எடை' என்ற புலத்தில் இதுவரை சாக்கோடு சேர்ந்த எடை வந்தது. இனிச் சாக்கைக் கழித்த எடை வருகிறது. பெயரும் வடிவமும் அதேதான், பிழைச் செய்தி எதுவும் வராது, சம்பளம் மட்டும் பிழையாகும். 2.4.1க்கு அடுத்தது இங்கே 3.0.0. அரைக் கிலோவை முழுக் கிலோவாக்கும் முறையைத் திருத்துவதும் அப்படியே, 'சின்னத் திருத்தம்தானே' என்று யார் சொன்னாலும். சந்தேகம் வந்தால் முடிவு தரவை அனுப்புபவருடையதல்ல, வாங்கும் தொகுதியை எழுதுபவருடையது.

நாட்சம்பளத்தையும், சேமலாப நிதிக்குத் தொழிலாளி கட்டும் 8, தோட்டம் கட்டும் 12 சதவீதங்களையும் நிரலுக்குள் எழுதாதீர்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானதைப் போன்ற மாற்றத்துக்குப் பதிப்பு எண்ணே தேவையில்லை. அமுலாகும் திகதியோடு அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

எல்லாத் தொகுதிக்கும் ஒரே எண் இட்டால் நினைவில் வைக்க இலகு. ஆனால் அறிக்கையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மடுவத்துக்குப் பென் டிரைவ் ஏற வேண்டிவரும். தனித்தனி எண்ணே நல்லது. அவற்றைக் கட்டி அனுப்பும் தொகுப்புக்கு மட்டும் 2025.03 போலத் திகதி எண் இடுங்கள். எந்தத் தொகுதியின் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்ற பட்டியல் தொகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். தோட்டத்திலிருந்து போனில் அழைப்பவர் அந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

செக்ரோல் தனக்கு வேண்டிய நிறுவையை 'சரியாக 2.4.1' என்று கேட்கக்கூடாது. கேட்டால் நிறுவையின் ஒவ்வொரு திருத்தத்துக்கும் செக்ரோலையும் வெளியிட வேண்டும். '2.4.0 முதல் 3.0.0க்குக் கீழ்' என்று கேட்கட்டும். நிறுவைக் கோப்பின் தலைப்பில் பதிப்பு எண் இருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே என்றால் செக்ரோல் ஊகிக்காமல் மறுத்துவிட வேண்டும்.

எண்களை எழுத்துச்சரமாக ஒப்பிட்டால் 2.10.0 பழையது, 2.9.0 புதியது என்றாகும். பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணாக ஒப்பிடுங்கள். 3.0.0-ஆர்சி.1 (வெளியீட்டுக்கு முன் சோதிக்கும் பதிப்பு) என்பது 3.0.0க்கு முந்தியது. 0இல் தொடங்கும் பதிப்பு எந்த உறுதியும் தராது. உண்மையான சம்பளம் போடத் தொடங்கும்போது 1.0.0 ஆக்கிவிடுங்கள்.

வெளியான எண்ணை மறுபடி பாவிக்கக்கூடாது. 2.4.1 பிழையென்றால் 2.4.2 வெளியிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே எண்ணோடு இரண்டு வேறு கோப்புகள் இரண்டு டிவிஷனில் கிடக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) பாவித்தால், பதிப்பு எண்ணைக் குறிக்கும் டேக்கைத் தனியாகப் புஷ் செய்யுங்கள் (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புங்கள்), வழக்கமான புஷ்ஷில் அது போகாது. எண்ணைக் கையால் தட்டாமல், வெளியீட்டுக் கோப்பை உருவாக்கும் பில்ட் ஸ்கிரிப்டே டேக்கிலிருந்து எடுக்கட்டும்.