இடுப்பில் துப்பாக்கி: உறையைக் கடைசியில் வாங்காதீர்கள்

2008 நவம்பர் கடைசியில், நியூயார்க்கில் ஒரு இரவு விடுதியில் பிளாக்ஸிகோ பர்ரெஸ் தன் தொடையில் தானே சுட்டுக்கொண்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வெற்றியைத் தந்த பந்தைப் பிடித்தவர் அவர். உறை இல்லாமல் பேண்ட் இடுப்பில் செருகியிருந்த க்ளாக் துப்பாக்கி கால் வழியே சரிந்தது. அதைப் பிடிக்கப் போன கையில் ட்ரிகர் அழுந்திவிட்டது. காயம் ஆறியது. ஆனால் நியூயார்க்கில் செல்லுபடியாகும் துப்பாக்கி உரிமம் அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு இரண்டு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் எந்த மாடல், எத்தனை தோட்டா என்று வாரக்கணக்கில் அலசுவார்கள். உறையை மட்டும் பில் போடும்போது பக்கத்தில் தொங்குவதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். டெக்சஸில் என் முதல் துப்பாக்கியை வாங்கியபோது நானும் அதைத்தான் செய்தேன். துணி உறை, விலை மலிவு, எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. வீட்டில் தோட்டா இல்லாமல் மாட்டிப் பார்த்தேன். துப்பாக்கியை உருவினால் உறையும் கையோடு சேர்ந்து வந்தது. அதைவிட மோசம், துணிக்கு மேலாகவே விரலால் ட்ரிகரை அழுத்த முடிந்தது. அன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டேன்.

இன்று அதிகம் விற்கும் க்ளாக் போன்ற துப்பாக்கிகளில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் பாதுகாப்புக் கொக்கி கிடையாது. ட்ரிகரை எது அழுத்தினாலும் சுடும். விரல்தான் என்றில்லை. சட்டை நுனி போதும், ஜாக்கெட்டில் தொங்கும் இழுகயிறு போதும். அதனால் ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை முழுவதும் மூடுகிற, அந்த ஒரு மாடலுக்கென்றே அச்செடுத்த, கெட்டியான உறைதான் வேண்டும். கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்தவை இதற்கு நன்றாக இருக்கின்றன. காலித் துப்பாக்கியை உறையில் போட்டுத் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள், விழக் கூடாது. துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். நல்ல தோல் உறையும் தவறில்லை. ஆனால் வருடக்கணக்கில் உழைத்த தோல் தளர்ந்து, வாய்ப்பகுதி உள்ளே மடியும். அந்த மடிப்பு ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்து துப்பாக்கி வெடித்தது உண்டு. தோல் தொய்ந்துவிட்டால் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

சரி, நல்ல உறை வாங்கியாயிற்று. அப்புறமும் விபத்துகள் நடப்பது பெரும்பாலும் துப்பாக்கியைத் திரும்ப உள்ளே வைக்கும்போதுதான். வேகமாக உருவப் பழகுகிறவர்கள் அதே வேகத்தில் செருகவும் செய்கிறார்கள். செருகுவதில் எந்த அவசரமும் இல்லை. சட்டையை முழுக்கத் தூக்கிப் பிடித்து, விரலை வெளியே நீட்டி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். வயிற்றுக்கு முன்பக்கம் மாட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே குழல் நோக்குவது தொடையையும் அடிவயிற்றையும்.

பெல்ட்டைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. க்ளாக் 19 துப்பாக்கியில் 15 தோட்டா நிரப்பினால் எடை 850 கிராம் அளவுக்கு வரும். ஆபீசுக்குப் போடும் மெல்லிய பெல்ட் அதைத் தாங்காது. துப்பாக்கி வெளிப்பக்கம் சாய்ந்து, சட்டைக்கு மேல் அதன் வடிவம் தெரியும். கை அடிக்கடி அதைச் சரிசெய்யப் போகும். மறைத்ததை ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் கைதான். விறைப்பான பெல்ட் ஒன்று வாங்கினால் பாதித் தொல்லை தீரும்.

துப்பாக்கியின் அளவில், சின்னதாக இருந்தால் மறைப்பது சுலபம் என்று மிகச் சின்னதை வாங்குவது வழக்கமான தவறு. பெண்களிடம் கடைக்காரர்கள் எடுத்து நீட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான்: ஐந்து குண்டு கொண்ட, அரைக் கிலோவுக்கும் குறைவான, 38 ஸ்பெஷல் என்ற வகைக் குண்டைச் சுடும் ரிவால்வர். எடை குறையக் குறைய சுடும்போது கையில் விழும் உதை கூடும். அதன் ட்ரிகரை அழுத்தவும் அதிக பலம் வேண்டும், குழலும் குட்டை. பயிற்சி மைதானத்தில் 20 குண்டு சுட்டதும் கை வலிக்கும், மறுபடி போக மனம் வராது. பழகாத துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பது உங்களுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. 2018ல் வந்த சிக் பி365 என்ற துப்பாக்கி பத்துத் தோட்டாவைச் சின்ன உடலில் அடக்கிய பிறகு இடைப்பட்ட அளவில் நிறையத் தேர்வுகள் வந்துவிட்டன. வாடகைக்குத் துப்பாக்கி தரும் மைதானத்தில் இரண்டு மூன்றைச் சுட்டுப் பார்த்து, கைக்கு அடங்குவதை வாங்குங்கள்.

கைப்பையில் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில், கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தது. குண்டு பாய்ந்து தாய் இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப் வைத்துத் தைத்த பை அது. பை எப்போதும் உடம்போடு இருப்பதில்லை. இறக்கி வைப்போம், பக்கத்து நாற்காலியில் மாட்டுவோம், குழந்தை கையில் கொடுப்போம்.

கடைசியாக, நம்மவர்கள் இதையெல்லாம் பார்க்கும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதானவர்கள், சட்டத் தடை ஏதும் இல்லாவிட்டால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இதைக் கேட்டுவிட்டு எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் தம்பிகள் கடைக்குப் போகிறார்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டம் அதிலிருந்து காப்பாற்றாது. வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் விசா பற்றிக் கேள்வி உண்டு, அதில் பொய் சொல்வதும் குற்றம். துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் வழி உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று நினைத்துக் காரை எடுக்காதீர்கள். தாண்டும் ஒவ்வொரு எல்லைக்கும் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்கள் கடைக்காரரைக் கேட்காமல், குடியேற்ற வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள்.