தொட்டியில் கள்ளிமுளையான்: ஒரு தண்டு போதும்

கள்ளிமுளையானை நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். அடீனியமும் ஜேடும் வரிசை வரிசையாக இருக்கும் கடையில், நம் கரட்டு நிலத்திலேயே விளையும் இந்தச் செடிக்கு இடமில்லை. சூரை, காரைப் புதர்களின் அடியில், இலையே இல்லாமல், சாம்பல் பச்சை நிறத்தில் விரல் தடிமனில் நான்கு பட்டையாக நிமிர்ந்து நிற்குமே, அதுதான். கிராமத்தில் ஆடு மேய்ப்பவர்கள் பச்சையாகவே ஒடித்துத் தின்பார்கள்; துவையலும் அரைப்பார்கள். தாவரவியல் பெயர் காரலுமா அட்சென்டன்ஸ். தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795இல் இதை ஸ்டபீலியா பேரினத்தில் சேர்த்து விவரித்தார். காரலுமா என்ற பெயர் பிறகு வந்தது. இணையத்தில் தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள்.

காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வர வேண்டாம். உடல் எடை குறைக்கும் மாத்திரைகளுக்கென்று இதன் சாற்றுக்கு ஏற்கெனவே சந்தை இருக்கிறது; போதாததற்குக் கரடுகள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்திலோ வேலியோரத்திலோ வைத்திருப்பவரிடம் ஒரே ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள். அது போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

தண்டை ஒடித்தால் பால் வடியக்கூடாது. பால் வடிந்தால் அது கள்ளி. அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கள்ளிமுளையானில் தெளிந்த நீர்தான் கசியும். நுனி மெலிந்து கூர்மையாகி, பூத்த தழும்புகள் இருக்கும் தண்டை வாங்காதீர்கள். பூத்த நுனி காய்ந்து உதிர்வது இச்செடியின் இயல்பு. பூக்காத, சதைப்பற்றுள்ள தண்டாக, அடியில் குறுகிச் சேரும் கணுவை ஒட்டி வெட்டியதாக இருக்கட்டும். வெட்டுக்காயம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

காயவைத்தல்: பெரும்பாலான தண்டுகள் அழுகுவது இங்கேதான்

ரோஜா, செம்பருத்திக் குச்சிகளை வெட்டியவுடன் ஈர மண்ணில் நட்டுப் பழகிய கை, இதையும் அப்படியே நடப் பார்க்கும். நட்டால் அழுகும். வெட்டிய தண்டை நிழலில், காற்றோட்டமான இடத்தில், செய்தித்தாள் மேல் கிடத்திவிடுங்கள். கோடையில் 5 நாள், ஈரக்காற்று வீசும் நாட்களில் 10 நாள் வரைகூட ஆகலாம். நாளை எண்ணுவதைவிட வெட்டுவாயைத் தொட்டுப் பார்ப்பதே சரியான வழி. முதலில் பச்சையாகப் பளபளக்கும், பிறகு மங்கும், கடைசியில் வெளிறிய தோல்போல இறுகி, நகத்தால் தட்டினால் காய்ந்த ஒலி தரும். அதற்குள் தண்டு சற்றுச் சுருங்கியிருக்கும். பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் நீர் இன்னும் பல வாரம் தாங்கும்.

வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால், அழுகல் உள்ளே ஏறிவிட்டது என்று பொருள். சதை முழுக்கப் பச்சையாகத் தெரியும் வரை மேலே மேலே நறுக்கிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு நறுக்குக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிறகு காயவைப்பதை முதலிலிருந்து தொடங்குங்கள்.

மண்ணும் தொட்டியும்

என் கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, பட்டாணி அளவு செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கைப்பிடி. எம்-சாண்ட் போடுவதென்றால் தூள் போகும்வரை அலசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிமெண்டுபோல இறுகிவிடும். தேங்காய் நார்க்கழிவை இந்தச் செடியின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் எதுவும் இதற்கு எதிரி. தொட்டி, அகலமான ஆழமில்லாத மண்சட்டி. பிளாஸ்டிக்கைவிட மண்சட்டியே எப்போதும் என் தேர்வு, குறிப்பாக மழைக்காலத்தில்.

நடுதல், இல்லை, கிடத்துதல்

காய்ந்த தண்டை நிமிர்த்திக் குத்தாமல், மண் மேல் படுக்கவைத்து, இரு பக்கமும் சிறு கற்களால் அண்டைகொடுங்கள். மண்ணைத் தொடும் பக்கத்திலிருந்து வேர் விடும். பிறகு பக்கத் தண்டுகள் நிமிர்ந்து எழும். முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். அதன்பின் ஓரமாகக் கொஞ்சம் ஊற்றி, மண் முழுக்கக் காய்ந்தபிறகே அடுத்த முறை. தண்டை மெல்ல அசைத்துப் பார்த்து, அது மண்ணைப் பிடித்திருப்பது தெரிந்தால் வேர் விட்டுவிட்டது.

வெயில் பற்றி ஒரு சொல். சதைப்பற்றுச் செடி என்றாலே மொட்டைமாடி உச்சிவெயிலில் வைத்துவிடுகிறோம். இது பிறந்ததே புதர் நிழலில். காலை வெயிலும் மதிய நிழலும் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

விதை வேண்டுமானால்

பூ சிறியது, இதழோரம் மெல்லிய மயிர் காற்றில் துடிக்கும். ஈக்களை வரவழைக்கும் மணம், நமக்கு அவ்வளவு பிடிக்காது. சூல்கொண்டால் எருக்கின் உறவு என்பது புரியும்: கொம்புபோல இரட்டைக் காய், உள்ளே பஞ்சுக் குஞ்சம் கட்டிய விதைகள். காய் வெடித்தால் விதை பறந்துவிடும். பழுக்கும் முன்பே மெல்லிய வலைத்துணியால் கட்டிவிடுங்கள். புதிய விதையைப் பருமணல் மேல் தூவி லேசாக ஈரப்படுத்தினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பழைய விதையை நம்ப வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

தண்டு ஊதா கலந்த பழுப்பாகிறதே என்று பலர் கேட்டிருந்தார்கள். வெயில் கூடுதலாகப் படுகிறது, அவ்வளவுதான். நிழலுக்கு நகர்த்தினால் பச்சை திரும்பும். ஆனால் அடித்தண்டு கறுத்து, அழுத்தினால் குழைந்தால் அது அழுகல். உடனே மேல்பகுதியை வெட்டி மேலே சொன்னபடி காயவையுங்கள்.

இன்னொருவர் வேர் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்திருக்கிறார். உள்ளே ஈரம் தங்கித் தண்டு அழுகும்; உறையை இன்றே எடுத்துவிடுங்கள்.

எறும்பு ஏறுகிறதென்றால் தண்டின் பட்டை இடுக்கில் மாவுப்பூச்சியைத் தேடுங்கள். வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். அங்கே வெள்ளையாக ஒட்டியிருந்தால் பழைய மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, நிழலில் உலர்த்திப் புது மண்ணுக்கு மாற்றுங்கள். கழித்த மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள்.