கேம் எஞ்சின் தேர்வு: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கேம் செய்ய வருபவர்கள் முதலில் கேட்பது, ‘எனக்குக் கோட் எழுதத் தெரியாது, எந்த எஞ்சின் (கேமை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்) சுலபம்?’ என்றுதான். சில மாதங்கள் கழித்து எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறார்கள். பேக்கப் எடுக்காதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒருமுறை சூடு பட்டால் அவை தானாகத் திருந்திவிடும்.

நோ-கோட் என்றால் நிரல் இல்லை என்று நினைப்பது

கோட் எழுதாமல் கேம் செய்ய உதவும் நோ-கோட் எஞ்சின்களான கன்ஸ்ட்ரக்ட் 3, ஜிடெவலப் இரண்டிலும் ஈவென்ட் ஷீட் என்பது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற வரிகளின் அடுக்கு. மாறிகளும் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்கள்) லூப்களும் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) அங்கேயும் உண்டு. அரைப்புள்ளியை விட்டதால் வரும் பிழை வராது, யோசனையில் வரும் பிழை வரும். எதிரியை ஃபிரேமுக்கு (திரையில் ஒருமுறை வரையப்படும் படத்துக்கு) 5 பிக்சல் நகர்த்தினால், நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 300 பிக்சல் ஓடும், 144 ஹெர்ட்ஸ் திரையில் 720. வேகத்தை நொடிக்கணக்கில் வைத்து, கடந்த ஃபிரேமுக்கு ஆன நேரத்தால் பெருக்குங்கள். இதற்கான மதிப்பு கன்ஸ்ட்ரக்டில் ‘டிடி’, யூனிட்டியில் ‘டெல்டா டைம்’.

‘இதில் தொடங்கி, பிறகு மாறிக்கொள்ளலாம்’

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். நோ-கோடில் பாதி கேமை முடித்துவிட்டு கோட் எழுதும் எஞ்சின்களான யூனிட்டிக்கோ கோடோவுக்கோ கொண்டுபோகலாம் என்ற திட்டம் கேட்க நன்றாக இருக்கும். கூடவே வருவது படங்களும் ஒலிகளும் மட்டுமே. ஈவென்ட் ஷீட்டில் ஒரு வரிகூட வராது.

மூன்று லெவல் முடிந்த ஒரு பிளாட்ஃபார்மரை (ஓடித் தாவும் கேமை) எடுத்துக்கொள்வோம். கன்ஸ்ட்ரக்டில் ஓடுவதையும் தாவுவதையும் ஆயத்தமாகத் தரும் பிளாட்ஃபார்ம் பிஹேவியரில் இயல்பு மதிப்புகள்: அதிகபட்ச வேகம் 330, முடுக்கம் 1500. ஓடத் தொடங்கி முழு வேகத்தை எட்ட 0.22 நொடி ஆகிறது. நீங்கள் அதை எழுதவில்லை, அதனால் அது இருப்பதே தெரியாது. கோடோவின் ஆயத்த நகர்வு ஸ்கிரிப்டில் பொத்தானை அழுத்திய கணமே முழு வேகம், விட்ட கணமே நிற்கும். அதே கதாபாத்திரம், அதே படம், ஆனால் கையில் வேறு கேம். தாவும் தூரம் மாறியதால் மூன்று லெவலிலும் பள்ளங்களின் அகலத்தை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

அளவுகளும் ஒத்துப்போகாது. கோடோ 2டியில் ஒய் அச்சு கீழ்நோக்கி, யூனிட்டியில் மேல்நோக்கி. யூனிட்டியில் இயல்பாக 100 பிக்சல் ஒரு யூனிட், ஈர்ப்பு 9.81. கன்ஸ்ட்ரக்டின் 650 என்ற தாவும் வேகத்தை அங்கே அப்படியே போட்டால் கதாபாத்திரம் திரைக்கு வெளியே பறந்துவிடும்.

மாறியே ஆக வேண்டும் என்றால், எஞ்சினின் எண்களை எடுத்துச் செல்லாதீர்கள். உயரத்தையும் நேரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். 32 பிக்சல் கட்டத்தில் மூன்று கட்டம் உயரம், அதாவது 96 பிக்சல். உச்சியை எட்ட 0.4 நொடி. ஈர்ப்பு = 2 × உயரம் ÷ நேரத்தின் வர்க்கம் = 1200. தாவும் வேகம் = 2 × உயரம் ÷ நேரம் = 480. யூனிட்டியில் இரண்டையும் 100ஆல் வகுத்தால் 12, 4.8, கிராவிட்டி ஸ்கேல் (இயல்பு ஈர்ப்பைப் பெருக்கும் எண்) சுமார் 1.22. லெவல் அமைப்பு, எதிரி விவரம், வசனம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஜேசான் கோப்பில் (எந்த எஞ்சினும் படிக்கக்கூடிய டெக்ஸ்ட் வடிவத்தில்) வைத்திருந்தால் அவையும் பிழைக்கும்.

இதைவிட நல்லது, மாறத் தேவையில்லாதபடி தொடங்குவது. ஒரு வீரன், ஒரு எதிரி, ஒரு சேவ், ஒரு மெனு மட்டும் வைத்து, கேம் ஓட வேண்டிய சாதனத்திலேயே ஓட்டிப் பாருங்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் இரண்டு எஞ்சினிலும் தலா ஒரு வாரம் செய்தால் போதும். ஆன்லைன் மல்டிபிளேயர் வேண்டுமென்றால் அதையும் இந்தச் சோதனையிலேயே சேருங்கள், கடைசியில் ஒட்டவைக்க முடியாத பகுதி அது.

கோட் எஞ்சினில் உள்ள விஷுவல் வசதியை நம்பித் தொடங்குவது

சில கோட் எஞ்சின்களிலும் கோடுக்குப் பதில் பெட்டிகளை இணைத்து வேலை செய்யும் விஷுவல் வசதி உண்டு. அது அந்த எஞ்சினுக்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அன்ரியல் எஞ்சினில் இந்த வசதியின் பெயர் ப்ளூபிரிண்ட், அது அடித்தளத்திலேயே இருக்கிறது. கோடோவின் விஷுவல் ஸ்கிரிப்ட், 2023இல் வந்த 4.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டது.

இருவர் ஒரே கோப்பைத் திருத்துவது

ப்ளூபிரிண்ட் பைனரி கோப்பு, டெக்ஸ்டாகப் படிக்க முடியாது. பலர் செய்யும் மாற்றங்களைச் சேர்க்கும் கிட் என்ற கருவி அதை இணைத்துத் தராது, ஒருவர் செய்த மாற்றங்கள் போய்விடும். திருத்தும் முன், மற்றவர் அதைத் திருத்த முடியாதபடி லாக் செய்யுங்கள். கோடோவின் சீன் கோப்பு வெறும் டெக்ஸ்ட், மாற்றத்தை வரிவரியாகப் படிக்கலாம். கன்ஸ்ட்ரக்டில் ஒற்றைக் கோப்பாகச் சேமிக்காமல் ஃபோல்டராகச் சேமியுங்கள்.

‘பெரிய ஸ்டுடியோக்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன’

உங்களுக்கு அது காரணமே அல்ல.

போனில் கடைசியாக ஓட்டிப் பார்ப்பது

முதல் வாரமே செய்யுங்கள். கன்ஸ்ட்ரக்ட் கேம் ஆண்ட்ராய்டில் வெப்வியூவுக்குள் (செயலிக்குள் இருக்கும் பிரவுசருக்குள்) ஓடுகிறது. கணினியில் வழுக்கிக்கொண்டு போனது, மலிவான போனில் ஐம்பது எதிரிகள் வந்ததும் திணறலாம்.