பனிச்சறுக்குப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் இருக்கும் என் தங்கை குடும்பம் அரையாண்டு லீவில் மணாலி போய் வந்தது. சோலங் பள்ளத்தாக்கில் மகன் அரை நாள் பனியில் சறுக்கினான், அவ்வளவுதான். ஊர் திரும்பிய வாரமே தங்கை போன் செய்தாள். "ஏனுங்ண்ணா, படிப்பும் பனிச்சறுக்கும் ஒண்ணாச் சொல்லித் தர்ற ஹாஸ்டல் பள்ளிக்கூடம் அமெரிக்காவுல இருக்குதாமா. எட்டாவது முடிச்சதும் இவனச் சேத்திரலாமுங்களா?" அவளுக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளை மனதில் வைத்து இந்தப் பனிச்சறுக்குப் பள்ளிகளை எடைபோடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. ஃபீஸ் கட்டி விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளையையும் அவர்களே தயார் செய்துவிடுவார்கள் என்று நம்புகிறோம். பனிச்சறுக்கு அகாடமி அப்படியல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1970-ல் தொடங்கிய பர்க் மவுன்டன் அகாடமி, பனிச்சறுக்கு வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் படித்த பள்ளி. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லாலம் (நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கும் பந்தயம்) தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. பர்க்கில் மொத்த மாணவர்களே நூறு பேருக்குள்தான். நடை பழகிய கொஞ்ச நாளில் காலில் ஸ்கீ பலகை மாட்டி, பல வருடம் பந்தயத்தில் சறுக்கிய பிள்ளைகள்தான் அங்கே வருகிறார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டாம்ஸ் பள்ளி 1967-லிருந்து இயங்குகிறது. அங்கே பாடமும் ஜெர்மன் மொழியில்.

புதிதாகக் கற்கும் நம் பிள்ளைக்கு வேறொரு வகைப் பள்ளிதான் பொருந்தும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1836-ல் தொடங்கிய கோல்ட் அகாடமி போன்றவை பொதுவான உறைவிடப் பள்ளிகள். பக்கத்திலேயே சண்டே ரிவர் பனிமலை இருக்கிறது. பந்தயக் குழுவும் உண்டு, சும்மா ஆசைக்குச் சறுக்குகிறவர்களுக்கும் இடமுண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் விண்ணப்பித்தால் பிள்ளைக்குத்தான் ஏமாற்றம்.

ஸ்கீயும் ஸ்னோபோர்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கீ என்றால் காலுக்கு ஒரு பலகை; ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில். பர்க்கின் பலம் மலைச்சரிவில் வேகமாக இறங்கும் ஆல்பைன் ஸ்கீ பந்தயம். ஸ்னோபோர்டு ஆசையென்றால் மெய்னின் கராபாசெட் வேலி அகாடமி மாதிரி இடத்தைப் பாருங்கள்; 2006, 2010 ஒலிம்பிக்குகளில் ஸ்னோபோர்டு கிராஸ் (பலர் ஒன்றாகச் சறுக்கி முந்தும் பந்தயம்) தங்கம் வென்ற செத் வெஸ்காட் அங்கே படித்தவர்.

அரை நாள் ஆசையை நம்பி முடிவெடுக்கவே கூடாது. குல்மார்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு நிறுவனமும், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் குளிர்காலத்தில் தொடக்கநிலைப் பயிற்சி நடத்துகின்றன. முதலில் அங்கே அனுப்புங்கள். காங்கேயத்து வெயிலில் ஓடி வளர்ந்த பிள்ளை, ஏழாம் நாள் காலையில் ஈரக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு தானாகக் கிளம்புகிறானா? அதை வைத்து முடிவு செய்யலாம். வெர்மான்ட்டில் ஜனவரிக் காலை மைனஸ் 20 டிகிரிக்கும் இறங்கும்.

படிப்பைப் பற்றி நாம் கேட்பதே குறைவு. குளிர்காலத்தில் பாதி நாள் மலையில், மீதிதான் வகுப்பில். பந்தயத்துக்காக வாரக்கணக்கில் வெளியூர் போவதும் உண்டு. அந்த நாட்களின் பாடத்தை யார், எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். நம் ஊரில் டாக்டர் ஆசையை யாரும் முழுசாக விடுவதில்லை. நீட் எழுத பிளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சின்னப் பள்ளியில் இந்த மூன்றும் கிடைக்குமா? திரும்பி வந்து இங்கே கல்லூரியில் சேர, அந்தப் படிப்பு நம் பிளஸ் டூவுக்குச் சமம் என்ற இணைச் சான்றிதழும் கேட்பார்கள்.

பணக் கணக்கில் எல்லோரும் இடறுகிறார்கள். பல அகாடமிகளில் உறைவிடக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும். அதோடு முடிவதில்லை. ஸ்லாலத்துக்கு ஒரு ஸ்கீ, கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும் ஜயன்ட் ஸ்லாலத்துக்கு வேறு. பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். அங்கே கோடை வந்தால் பனியைத் தேடிச் சிலி, நியூசிலாந்து முகாம்கள். காப்பீட்டில் முழங்கால் தசைநார் அறுவைக்கு எவ்வளவு தருவார்கள் என்று படித்துப் பாருங்கள், ஸ்கீயில் அடிக்கடி படும் அடி அதுதான். ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு மணிக்கட்டு முறியும்.

"அங்கே படித்தால் இந்தியாவுக்கு ஒலிம்பிக்" என்று எளிதாகச் சொல்கிற முகவரை நம்பாதீர்கள். சர்வதேசப் பந்தய உரிமம் நம் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் வர வேண்டும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர் ஆரிஃப் கான். குல்மார்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவரின் மகன், நான்கு வயதிலிருந்து பனியில் நின்றவர். அவரே ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-வது இடம் வந்தார். அந்த இடத்தை நான் மிக மதிக்கிறேன்.

தங்கை மகன் வரும் ஜனவரியில் குல்மார்க் போகிறான். பொங்கலுக்கு அம்மிச்சி வீட்டுக்கு அவன் வராத முதல் வருடம் அது.