ஈ தேடி வரும் பூக்களைக் காட்டில் கண்டுபிடிப்பது எப்படி

மழைக்காட்டில் பூ பார்க்கப் போனால் எல்லோரும் தேனீயையும் பட்டாம்பூச்சியையும்தான் தேடுகிறார்கள். ஈக்கள் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டுமென்றால் முதலில் மூக்கை நம்புங்கள். அடர்ந்த நிழலில் பூவின் நிறம் தொலைவிலிருந்து எடுபடாது, வாடைதான் ஈயைக் கூட்டி வருகிறது. அழுகிய இறைச்சி நாற்றம் அடித்தால் விலகிப் போகாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மெல்ல நடங்கள். டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு ஆகிய கந்தகச் சேர்மங்கள் அழுகும் சதையிலும் உண்டு, இப்படிப்பட்ட பல பூக்களிலும் உண்டு. முட்டையிட இடம் தேடும் ஈ ஏமாறுவது அதனால்தான்.

கிட்டே போனதும் நிறத்தைப் பாருங்கள். கருஞ்சிவப்பு, பழுப்பு, மேலே வெளிர் புள்ளிகள் என்றால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சுமத்ராவின் ரஃப்லீசியா அர்னால்டி அப்படித்தான் இருக்கும், அகலம் ஒரு மீட்டர் வரை போகும். அதில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே ஈ இரண்டிலும் ஏமாந்தால்தான் காய் பிடிக்கும்!

எனக்கு மிகவும் பிடித்தவை ஆடுதீண்டாப்பாளை இனத்துப் பூக்கள். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். குழாய்க்குள் மயிர்கள் தெரியும்; பூ விரிந்த புதிதில் அவை உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால் ஈ உள்ளே போகலாம், திரும்ப முடியாது. பல இனங்களில் அடியில் உள்ள அறையில் வெளிறிய ஒரு பகுதி உண்டு. அதன் வழியே வரும் வெளிச்சத்தை வெளியேறும் வழி என்று நினைத்து ஈ அங்கேயே போகிறது. ஈ கொண்டுவந்த மகரந்தத்தை, பூவின் பெண் பகுதியின் நுனியான சூலகமுடி வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பூவின் சொந்த மகரந்தப்பைகள் வெடிக்கும். மயிர்கள் வாட, முதுகில் புது மகரந்தத்தோடு ஈ வெளியே வரும். இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டை நாற்றம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

எல்லா ஈப்பூவும் நாறாது. கோகோ மரத்தின் தண்டிலேயே பூக்கும் சின்ன வெளிர் பூக்களுக்கு, கொசுவைவிடச் சிறிய ஈக்கள் வருகின்றன. அதைப் பார்க்க அதிகாலையிலேயே போய்விட வேண்டும்.

வாசனைத் திரவியம், கொசு விரட்டி எதுவும் பூசாதீர்கள். பூவின் வாடை உங்களுக்கே தெரியாமல் போகும். அப்புறம், ஈ வந்து உட்கார்ந்ததாலேயே அது மகரந்தம் சேர்த்தது என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது. அதன் முதுகில் மகரந்தம் ஒட்டியிருக்கிறதா, அந்த முதுகு சூலகமுடியைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.