கங்காருவின் மடி

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் 14 வருடமாக எல்.கே.ஜி. பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறேன். முதல் வருடம் உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி, "இதுதான் ஆஸ்திரேலியா" என்றேன். "மிஸ், அது சத்திக்கு அந்தப்பக்கமுங்களா?" என்று கேட்டது ஒரு வாண்டு (சத்தி என்றால் சத்தியமங்கலம்). உருண்டை அன்றைக்கே அலமாரி மேல் ஏறிவிட்டது. நாலு வயதுக்குத் தூரம் தெரியாது. ஆடு தெரியும், கோழி தெரியும், அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) தெரியும். தூரதேசத்து மிருகங்களைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் இடம் அதுதான்.

வாரத்துக்கு ஒரு மிருகம் போதும். நாட்டின் பெயரைக் கடைசியில், "அதோட ஊரு" என்று சொன்னால் சரி.

கங்காருவுக்கு ஒரு பழைய சேலை வேண்டும். பருத்தி எடுக்கப் போகிறவர்கள் மடி கட்டுகிற மாதிரி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் 'பை' என்று விளக்கவே வேண்டாம், மடி என்றாலே போதும். அப்புறம், ராத்திரி ஊறப்போட்ட மொச்சைக்கொட்டையை ஆளுக்கு ஒன்று உள்ளங்கையில் வையுங்கள். பிறந்த கங்காருக்குட்டி ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு கிராம் எடைகூட இருக்காது. கண் திறக்காமலேயே தாயின் ரோமத்தைப் பிடித்து ஏறி, தானே மடிக்குள் போய்ப் பால்காம்பைக் கவ்விக்கொள்ளும். வெளியே தலை நீட்ட ஆறு மாதம் போல ஆகும். இதைச் சொன்னதும், "எங்க பட்டியில குட்டி போட்டா அப்பவே எந்திரிச்சு நிக்குமே!" என்று ஒரு குரல் வரும். அதை அடக்காதீர்கள், அதற்காகத்தான் இந்தச் சேலையும் மொச்சையும். (மொச்சையை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் எப்போதும் இருக்கும்.)

அடுத்த வாரமும் ஆஸ்திரேலியாவிலேயே இருக்கலாம். தைலமரத் தழை ஒரு கொத்து கொண்டுவந்து, நீங்களே கசக்கி மோந்து பார்க்கக் கொடுங்கள். "சளிக்குத் தேய்க்கிற வாசம்!" என்பார்கள். கோலாவுக்கு மூன்று வேளையும் இந்தத் தழைதான் சோறு. தின்றுவிட்டு ஒரு நாளில் 18 மணி நேரம் போலத் தூங்கும். நீலகிரியில் இத்தனை தைலமரம் நிற்கிறதே, அதெல்லாம் 150 வருடத்துக்கும் முன்னால் அந்த ஊரிலிருந்து வந்து சேர்ந்த சாதிதான். பிள்ளைகளுக்கு வருடக்கணக்கு வேண்டாம். "கோலா வீட்டு மரம் நம்மூருக்கு வந்திருக்கு" என்றால் போதும்.

ஈமுவை மட்டும் பார்த்துத் தொடுங்கள். பெருந்துறை வட்டாரத்தில் ஈமுப் பண்ணையில் பணம் போட்டு இழந்த வீடுகள் நிறைய. பாட்டி தாத்தா முகம் மாறிவிடும். அதன் கரும்பச்சை முட்டையையும், எட்டு வாரம் சரியாகத் தின்னாமல் அப்பா ஈமு அடைகாப்பதையும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

பென்குயினுக்குத் தாவ அந்த அப்பாவே வழி. பேரரசப் பென்குயினிலும் முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து இரண்டு மாதம் காப்பது அப்பாதான். எலுமிச்சம்பழத்தைக் கால் மேல் வைத்து நடக்கச் சொல்லுங்கள், வகுப்பு அல்லோலகல்லோலப்படும். ஒரு எச்சரிக்கை: கடையில் நான் வாங்கிய சார்ட்டில் பென்குயினும் பனிக்கரடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கரடி இருப்பது வடதுருவம், பென்குயின் இருப்பது தென்கோடி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கத்தரியால் வெட்டி ஒன்றை வடக்குச் சுவரிலும் ஒன்றைத் தெற்குச் சுவரிலும் ஒட்டினேன்.

ஒட்டகச்சிவிங்கிக்கு வாசலும் கோலமாவும் போதும். ஆண் 18 அடி வரை வளரும். 18 அடிக்குக் கோடு போட்டுப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்தேன். ஐந்து பேர் படுத்த பிறகு ஆறாவது ஆளில் பாதிதான் தேவைப்பட்டது. மீதிப் பாதி எங்கே போவது என்று அவன் அழுதுவிட்டான். அதனால் ஆறாவது இடத்தில் ஒரு தலையணையை மடித்து வைத்துவிடுங்கள்.

பரீட்சையெல்லாம் வைக்காதீர்கள். சாயந்திரம் கூப்பிட வருகிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும். போன மாதம் ஒரு அம்மிச்சி வந்து சேலை முந்தியை விரித்துக் காட்டினார். "ஏனுங்க மிஸ், நீங்க என்ன சொல்லிக்குடுத்தீங்க? பட்டியில இருந்த வெள்ளாட்டுக்குட்டியைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டு, 'இப்பக் குதி அம்மிச்சி'ங்கறான்!" முந்தியில் புழுக்கை ஒட்டியிருந்தது.